வாப்பாவின் கடன் கொப்பி: மௌத்துக்குப் பின் தள்ளிப்போடக் கூடாதவை

வாப்பா மௌத்தாகி நாற்பது நாட்கள்வரை அவரது கடை மேசையின் லாச்சியை நாங்கள் திறக்கவில்லை. அவரது கையெழுத்தைக் கண்டால் தாங்க முடியாது என்ற பயம்தான் காரணம். பிறகு திறந்தபோது உள்ளே ஒரு கடன் கொப்பி இருந்தது. அவர் பணம் கொடுக்க வேண்டியிருந்த ஒரு முதியவர், அதற்கு ஒரு வாரம் முன்னர்தான் மௌத்தாகியிருந்தார். ஜனாஸா வீட்டில் கடனைக் கேட்பது எப்படி என்று அவர் வாய் திறக்காமலே போய்விட்டார். பணத்தை அவரது பிள்ளைகளிடம் ஒப்படைத்தோம். ஆனால் அவருக்கு அது தேவைப்பட்ட நாட்களில் எங்கள் லாச்சி பூட்டிக் கிடந்தது.

அழுவது தவறல்ல. தமது மகன் இப்றாஹீம் மரணித்தபோது நபி (ஸல்) அவர்களும் கண்ணீர் வடித்தார்கள். கவலைக்கு நாள் குறிக்க முடியாது. ஆனால் நமது கவலைக்காக அடுத்தவரின் ஹக்கு காத்திருக்கக் கூடாது.

மரணித்தவரின் சொத்தில் மார்க்கம் வகுத்த ஒழுங்கு இதுதான்:

1. கபனிடுதல், அடக்கம் ஆகியவற்றின் செலவு.
2. கடன்கள். மனைவிக்குக் கொடுக்காத மஹரும் கடனே.
3. வஸிய்யத். எஞ்சியதில் மூன்றில் ஒன்றுக்கு மேற்படாமல், வாரிசு அல்லாதவருக்கு.
4. மீதி வாரிசுகளுக்கு.

எங்கள் வீட்டில் உம்மா, இரண்டு ஆண்மக்கள், ஒரு தாத்தா. வாப்பாவின் பெற்றோர் முன்பே காலமாகிவிட்டனர். எஞ்சியதை 40 பங்காக்கினால் உம்மாவுக்கு 5, எனக்கும் நானாவுக்கும் தலா 14, தாத்தாவுக்கு 7. கணக்குப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதைப் பேச எங்களுக்கு இரண்டு வருடங்கள் சென்றன. "உம்மா இருக்கும்போது பங்கு பேசுவதா?" என்றோம். அதுவரை கடை வருமானம் எங்கள் இருவரின் கையில். தாத்தா வாடகை வீட்டில். மரியாதை என்று நாங்கள் சொன்னது உண்மையில் எங்களுக்கு வசதியாக இருந்தது. உம்மாவின் பங்கும் உம்மாவுடையது; பிள்ளைகள் பொதுவில் வைத்துக்கொள்ளும் பணமல்ல.

நம் நாட்டுச் சட்டத்தில் கவனிக்க வேண்டியவையும் உண்டு. வீட்டில் மரணம் நிகழ்ந்தால் கிராம சேவகருக்கு அறிவித்து, 5 நாட்களுக்குள் பதிவாளரிடம் தகவல் கொடுக்க வேண்டும். மரணச் சான்றிதழின் பிரதிகள் சிலவற்றைச் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள். வங்கி, ஊழியர் சேமலாப நிதி என ஒவ்வோர் இடத்திலும் கேட்பார்கள். வஸிய்யத் இன்றி மரணித்த முஸ்லிமின் சொத்துக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பொருந்தும். மரணித்தவர் சார்ந்த மத்ஹபின்படியே பங்கு அமையும். பலர் காழி நீதிமன்றத்துக்கு ஓடுகிறார்கள். காழி பார்ப்பது திருமணம், விவாகரத்து, தாபரிப்பு போன்றவற்றை. சொத்து வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குரியது. காணி உறுதிகளுடன் ஒரு சட்டத்தரணியையும், பங்கு விபரத்துக்கு ஓர் ஆலிமையும் ஆரம்பத்திலேயே சந்தியுங்கள்.

உம்மா இத்தாவில் இருந்தால் (4 மாதம் 10 நாட்கள், கர்ப்பிணியாயின் பிரசவம்வரை) அவரை விட்டுவிட்டுப் பேச வேண்டாம். வீட்டிலேயே, அவர் முன்னிலையில் பேசுங்கள். சகோதரிகளையும் அழையுங்கள். "எனக்கு வேண்டாம்" என்று ஒரு சகோதரி சொன்னால், முதலில் அவளது பங்கு எவ்வளவு என்று காட்டுங்கள். தெரியாத ஒன்றை எப்படி விட்டுக்கொடுப்பது?

இன்று உங்கள் வீட்டிலும் பூட்டிய ஒரு லாச்சி இருக்கலாம். அழுதுகொண்டாவது அதைத் திறந்துவிடுங்கள். மரணித்தவருக்காக நாம் செய்யும் துஆவுடன், அவரது கடனை அடைப்பதும் நமது கடமையே.