கேட்காமல் அழிக்கும் கட்டளை



ஒரு தாளின் அருமை தோட்டத்துக் குடும்பங்களுக்குத் தெரியும். பிறப்புப் பத்திரம் தொலைந்துபோய், அடையாளக் கார்டுக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்கள் நம்மிடையே உண்டு. அதனால்தான் நம் பெரியவர்கள் அந்தத் தாளை டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினார்கள். இன்று அந்தப் பத்திரத்தின் படமும், பிள்ளைகளின் பாடக் குறிப்பும், தாத்தாவின் புகைப்படமும் கணினிக்குள் கோப்புகளாக இருக்கின்றன. அத்தகைய கோப்புகளை நொடியில் அழிக்கும் இரண்டெழுத்துக் கட்டளை ஒன்றின் வரலாற்றை இன்று காண்போம்.

1969இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயக்க முறையை உருவாக்கத் தொடங்கினார்கள். அப்போது படங்களைத் தொட்டு வேலை வாங்கும் வசதி இல்லை. கட்டளையை ஒரு வரியாகத் தட்டச்சு செய்ய வேண்டும். அந்நாளைய டெலிடைப் பொறி நொடிக்குப் பத்து எழுத்துகளையே தாளில் அச்சடிக்கும். ஆகவே கட்டளைகளும் சுருக்கமாக அமைந்தன. நீக்கு என்பதற்கு 'ஆர்.எம்.' என்ற இரண்டே எழுத்துகள். வேலை முடிந்தால் கணினி ஒன்றும் பேசாது. பிழை நேர்ந்தால்தான் வாய் திறக்கும்.

அழித்தல் என்றால் உள்ளே என்ன நடக்கிறது? பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டு, 'இந்த லயத்து வீடு காலி, அடுத்தவருக்குக் கொடுக்கலாம்' என்று எழுதுவது போன்றது அது. புதியவர் குடிவரும் வரை பழைய சாமான்கள் உள்ளேயே கிடக்கும். 1982இல் பீட்டர் நார்ட்டன் வெளியிட்ட மீட்புச் செயலி இந்த இடைவெளியைப் பயன்படுத்தித்தான், சிறு கணினிகளில் அழிந்த கோப்புகளை மீட்டது. ஆனால் பலர் ஒரே சமயத்தில் எழுதும் பெரிய கணினியில் புதுக் குடித்தனம் உடனே வந்துவிடும்.

ஆபத்து எங்கிருந்து வருகிறது? நட்சத்திரக் குறிக்கு 'எல்லாம்' என்று பொருள். 'பழைய' என்று முடியும் கோப்புகளை மட்டும் அழிக்க, நட்சத்திரத்தை அச்சொல்லோடு ஒட்டி எழுத வேண்டும். நடுவில் ஓர் இடைவெளி விழுந்தால், 'எல்லாவற்றையும் அழி' என்று கணினி புரிந்துகொள்ளும்.

1979இல் வந்த ஏழாம் பதிப்பில், 'ஐ' என்ற எழுத்தைச் சேர்த்தால் கணினி ஒவ்வொரு கோப்பாகக் கேட்டு அழிக்கும் வசதி இருந்தது. ஆனால் இது கூப்பிட்டால் மட்டுமே வரும் காவலாளி. 1984இல் மெக்கின்டாஷ் கணினி குப்பைத் தொட்டியோடு வந்தது. தொட்டியில் போட்டதைத் திரும்ப எடுக்கலாம். ஆர்.எம். கட்டளைக்கு அந்தத் தொட்டி கிடையாது.

1998இல் கலிபோர்னியாவின் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படம் தயாராகிக்கொண்டிருந்தது. யாரோ கொடுத்த இக்கட்டளையால் படத்தின் கோப்புகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு அழிந்தது. காப்பு நகலும் சரியாகப் பதிவாகியிருக்கவில்லை. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்த கேலின் சஸ்மன் என்பவரின் கணினியில் ஒரு நகல் இருந்தது. அதைப் போர்வையில் சுற்றிக் காரில் கொண்டுவந்து சேர்த்தார்கள். படம் 1999இல் வெளிவந்தது.

2005இல் சோலாரிசும், 2006இல் குனூவும் ஒரு தடை போட்டன: கணினியின் வேரையே அழிக்கச் சொன்னால், கட்டளை மறுக்கப்படும். வேருக்கு மட்டுமே இந்தக் காவல். மற்றக் கோப்புகளுக்கு இல்லை. 2017 ஜனவரி 31இல் கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர், வேறொரு கணினியில் இருப்பதாக எண்ணி, முதன்மைக் கணினியின் தரவை அழித்தார். சுமார் 300 கிகாபைட் போனது. ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகளும் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு காரணத்துக்காக எடுத்த ஒரு நகல்தான் உதவியது. இடைப்பட்ட தரவு இழந்ததுதான்.

இந்த இரு நிகழ்ச்சிகளிலும் நாசத்தைப் பெரிதாக்கியது, 'நகல் இருக்கிறது' என்ற சோதிக்காத நம்பிக்கையே. ஆகவே கணினி பயிலும் பிள்ளைகளுக்கு நான்கு பழக்கங்களைச் சொல்லிக் கொடுங்கள். முதலாவது, எந்தக் கணினியில், எந்த அடைவில் இருக்கிறோம் என்று பார்ப்பது. இரண்டாவது, அழிக்குமுன் அதே பெயர்க் குறிப்பைக் கொடுத்துப் பட்டியல் எடுத்துப் படிப்பது. மூன்றாவது, உடனே அழிக்காமல் தனி அடைவுக்கு மாற்றிச் சில நாள் வைத்திருப்பது. நான்காவது, நகலை வேறோர் இடத்தில் வைத்து, அதை அவ்வப்போது திறந்து பார்ப்பது.

டிரங்குப் பெட்டியைப் பூட்டி வைத்தால் போதாது. உள்ளே தாள் இருக்கிறதா, செல்லரித்துவிட்டதா என்று ஆண்டுக்கொரு முறையாவது திறந்து பார்க்க வேண்டும் அல்லவா? கணினிக்கும் அதே விதிதான்.