மூணெழுத்து ஒண்ணு, ஆள் ரெண்டு: ஓசூரும் சூப்பர்சார்ஜரும்

ஓசூர்ப் பக்கம் கார் பைத்தியம் பிடித்த பையன் யாரிடமாவது "டி.வி.எஸ். சூப்பர்சார்ஜர்" என்று சொல்லிப் பாருங்கள். "நம்ம டி.வி.எஸ்ஸா?" என்றுதான் கேட்பான். இல்லை. அமெரிக்காவின் ஈட்டன் நிறுவனம் செய்யும் சூப்பர்சார்ஜரின் பெயர் அது. ட்வின் வோர்ட்டிசஸ் சீரிஸ், அதாவது இரட்டைச் சுழல் வரிசை என்பதன் சுருக்கம். நம்ம டி.வி.எஸ். திருக்குறுங்குடி வெங்கராம் சுந்தரம் ஐயங்கார். 1911-ல் மதுரையில் தொடங்கிய அந்தக் குடும்ப நிறுவனத்தின் கிளைதான் 1980-ல் ஓசூரில் டி.வி.எஸ். 50 மொபெட்டை இறக்கியது.

பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு போனபோது ஒரு கேள்வி எனக்குள் மாட்டிக்கொண்டது. லாரி, பைக், ஸ்கூட்டர், விமானம் வரை செய்த ஊரில், ஒருத்தன் தன் ஸ்போர்ட்ஸ் காருக்கு இன்டர்கூலரோடு ஒரு சூப்பர்சார்ஜர் கட்ட முடியுமா? முடியும் என்றால், அதை ரோட்டில் ஓட்ட முடியுமா? அந்தக் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

காற்றுதான் சாப்பாடு

இன்ஜின் பெட்ரோலில் ஓடுகிறது என்று சொல்கிறோம். உண்மையில் ஒரு கிலோ பெட்ரோலை எரிக்கச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலை எவ்வளவு வேணும்னாலும் ஊற்றலாம். காற்றை உள்ளே கொண்டுவருவதில்தான் கஷ்டம். சாதாரண இன்ஜின் தானே மூச்சிழுக்கும். சூப்பர்சார்ஜர் காற்றை அமுக்கி வாயில் ஊட்டிவிடும்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் சென்னையைவிடச் சுமார் 10 சதவீதம் குறைவு. ஓசூர்க் குளிர்ச்சி கொஞ்சம் ஈடு கட்டும், முழுசா கட்டாது. சென்னையில் 100 குதிரைத்திறன் தரும் கார், கிருஷ்ணகிரி தாண்டி மேலே ஏறி வந்ததும் சில குதிரைகளை வழியில் விட்டுவிட்டுத்தான் வருகிறது.

சுரங்கத்தில் இருந்தவர்கள் போல் வந்த கருவி

காற்றை அமுக்கும் இந்தக் கருவி காருக்காகப் பிறந்ததே இல்லை. அமெரிக்காவின் இண்டியானாவில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் காப்புரிமை வாங்கிய ஊதுகருவி அது. இரும்பு உருக்கும் உலைகளுக்குக் காற்று ஊதத்தான் முதலில் பயன்பட்டது. 1921-ல் பெர்லின் கண்காட்சியில் மெர்சிடிஸ் சூப்பர்சார்ஜர் வைத்த கார்களைக் காட்டியது. 1930-ல் டிம் பிர்கின், 'ப்ளோயர் பென்ட்லி' என்ற பாரவண்டியை வைத்துக்கொண்டு பிரெஞ்சு கிராண்ட் பிரியில் இரண்டாவதாக வந்தார். அந்தக் காரில் ரேடியேட்டருக்கு முன்னாடி சூப்பர்சார்ஜர் துருத்திக்கொண்டு நிற்கும். பென்ட்லியை உருவாக்கிய டபிள்யூ.ஓ. பென்ட்லிக்கே அது பிடிக்கவில்லை.

இன்டர்கூலரைப் பெரிய ஆளாக்கியது போர். 1941-ல் ஜெர்மனியின் ஃபோக்-வுல்ஃப் 190 விமானம் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயரை மிரட்டியது. ரோல்ஸ் ராய்ஸில் ஸ்டான்லி ஹூக்கர் என்ற கணிதக்காரர் மெர்லின் இன்ஜினுக்கு இரண்டு கட்டமாகக் காற்றை அமுக்கும் சூப்பர்சார்ஜரை வடிவமைத்தார். ரெண்டு தடவை அமுக்கினால் காற்று கொதிக்கும். அதனால் சிலிண்டருக்குப் போகும் முன் நீரால் குளிர்விக்கும் இன்டர்கூலரைச் சேர்த்தார்கள். அந்த மெர்லின் 61 வைத்த ஸ்பிட்ஃபயர் 1942-ல் படைப் பணிக்கு வந்தது.

அதே போர்க்காலத்தில் நம்ம பக்கம் என்ன நடந்தது? பெட்ரோல் தட்டுப்பாடு. சுந்தரம் ஐயங்கார் நிறுவனம் கரி வாயுவில் பஸ் ஓட்டும் 'கேஸ் பிளான்ட்' செய்தது. கரி வாயுவில் ஓடினால் இன்ஜின் பலம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். அங்கே இருக்கும் பலத்தைக் கூட்டப் போராட்டம், இங்கே வண்டி நகர்ந்தால் போதும் என்ற போராட்டம். ரெண்டுமே இன்ஜினுக்குள் போகும் மூச்சைப் பற்றிய கணக்குதான்.

ஓசூர்க் கணக்கு

இப்போது நோட்டுப் புத்தகக் கணக்கு ஒன்று. ஓசூரில் காற்றழுத்தம் 0.9 பார், வெப்பம் 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். சூப்பர்சார்ஜர் மேலும் 0.5 பார் ஏற்றுகிறது. அதன் திறன் 65 சதவீதம். வெளியே வரும் காற்றின் வெப்பம் சுமார் 93 டிகிரி. சூடான காற்று விரிந்துகொள்ளும். அதனால் அழுத்தம் 56 சதவீதம் கூடியும், உள்ளே போகும் காற்றின் எடை 29 சதவீதம்தான் கூடுகிறது.

இன்டர்கூலர் வைத்து 50 டிகிரிக்கு இறக்கினால் அதே எடை 46 சதவீதம் கூடும். குழாய்களில் கொஞ்சம் அழுத்தம் போகும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். அப்படியும் லாபம்தான். அதைவிட முக்கியம், சூடான கலவை நேரத்துக்கு முன்னாடியே வெடித்து இன்ஜின் 'தட்டும்'. தட்டினால் பிஸ்டன் ஓட்டை. சூப்பர்சார்ஜரை மட்டும் வாங்கிவிட்டு இன்டர்கூலரில் காசு மிச்சம் பிடிப்பவர், அந்தக் காசைப் பிஸ்டனுக்குக் கொடுப்பார்.

ஈட்டன் டி.வி.எஸ்ஸின் சாமர்த்தியம் இங்கேதான். பழைய ஈட்டன் ரோட்டருக்கு மூன்று இதழ், 60 டிகிரி முறுக்கு. இதற்கு நான்கு இதழ், 160 டிகிரி முறுக்கு. காற்று குறைவாகச் சூடாகும். 2009 கார்வெட் இசட்.ஆர்.1-ல் 2.3 லிட்டர் டி.வி.எஸ். உட்கார்ந்தது. இன்டர்கூலர் அதன் மூடிக்குள்ளேயே. 638 குதிரைத்திறன்.

யாரால் கட்ட முடியும்?

ஒரு செட்டப் கட்ட என்னென்ன வேண்டும்? இன்ஜினில் பிடிக்கும் பிராக்கெட், ஒரே கோட்டில் ஓடும் புல்லி, அலுமினியக் குழாய் வெல்டிங், இன்டர்கூலர், பெரிய இன்ஜெக்டர், புது ஈ.சி.யூ. கணக்கு. புல்லி ஒரு மில்லிமீட்டர் விலகினாலே பெல்ட் கழன்று பறக்கும். பிராக்கெட்டும் புல்லியும் ஓசூர் சிப்காட், சிட்கோ பேட்டைகளுக்கு அன்றாட வேலை. லேத்தும் சி.என்.சி.யும் தெருவுக்குத் தெரு இருக்கிற ஊர். ஈ.சி.யூ. ட்யூனிங்தான் பெங்களூரைப் பார்க்கும்.

காற்றை அமுக்குவதும் ஓசூருக்குப் புதுசில்லை. 1980-ல் இங்கே வந்த அசோக் லேலண்டின் லாரிகளில் டர்போவும் இன்டர்கூலரும் சர்வசாதாரணம். டர்போ புகையின் வேகத்தில் சுற்றும், சூப்பர்சார்ஜர் பெல்ட்டில் சுற்றும். வேலை ஒன்றுதான். தளி ரோட்டில் பெலகொண்டப்பள்ளியில் உள்ள தானேஜா விமான நிறுவனம், பெங்களூர் என்.ஏ.எல். வடிவமைத்த ஹன்சா-3 சிறுவிமானத்தைக் கட்டியது. அதிலும் ரோட்டாக்ஸ் 914 டர்போ இன்ஜின்தான்.

அப்புறம் என்ன தடை?

சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை மாற்றி இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ-வின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும்.

சட்டத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பலத்தைக் கூட்டியவன் பிரேக்கைக் கூட்டாமல் விட்டால், எதிரே சைக்கிளில் வருபவர் உயிர் போகும். ஆனால் சில நாடுகளில் மாற்றிய காரைச் சோதித்து, சரியாக இருந்தால் பதிவு செய்துகொடுக்க வழி இருக்கிறது. ஜெர்மனியின் டி.யூ.வி. சோதனை அப்படி. இங்கே தனி ஆளுக்கு அப்படி ஒரு நடைமுறைக் கதவு இல்லை. ஆகவே நன்றாகக் கட்டியவனும் மோசமாகக் கட்டியவனும் ஒரே குற்றவாளி. ஒழுங்காகச் செய்பவனுக்கு மிச்சம் இருப்பது இருங்காட்டுக்கோட்டை, கோவை கரி மாதிரியான ரேஸ் டிராக்குகள் மட்டும்.

கடைசியா ஒண்ணு. 2021-ல் ஓலா ஆலை கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளிக்கு வந்தது. ஏத்தர் ஓசூருக்கு வந்தது. நம்ம டி.வி.எஸ்ஸும் ஐக்யூப் மின்சார ஸ்கூட்டரை இங்கேதான் செய்கிறது. அந்த வண்டிகளுக்கு மூச்சே வேண்டாம். 900 மீட்டரோ கடற்கரையோ, அதற்கு எல்லாம் ஒன்று. 1860-ல் ஊதுலையில் தொடங்கிய கலை இன்னும் எத்தனை வருஷம் பட்டறைகளில் பேசப்படும் என்று தெரியாது. கையில் லேத்தும் மனசில் ஆசையும் உள்ள தலைமுறை இருக்கும்போதே, அவர்கள் கட்டியதைச் சோதித்துச் சொல்ல ஒரு கதவு திறந்தால் நல்லது.