வெட்டுவதற்கு முன் ஒருமுறை புரட்டுங்கள்: பழுதான புத்தகங்களும் வீட்டுப் பாவனையும்

கறையான் அரித்த, மழையில் ஊறிய, மட்டை கழன்ற புத்தகங்கள் இல்லாத வீடுகள் வடக்கு கிழக்கில் குறைவு. இடப்பெயர்வின்போது விட்டுப்போய், பல வருடங்களுக்குப் பிறகு திரும்பிவந்து எடுத்தவை சில. பொலித்தீனில் சுற்றி நிலத்தில் புதைத்து வைக்கப்பட்டவை சில. 2018 டிசெம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு வீடுகளில் நனைந்துபோனவையும் உண்டு. இவற்றை வாசிக்கவும் முடியாது, எறியவும் மனம் வராது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களை எரியக் கொடுத்த சமூகத்துக்குப் புத்தகத்தில் கத்தி வைப்பது லேசான காரியமல்ல.

ஆனாலும் உக்கிப்போகும் கடதாசியை வீட்டுப் பாவனைக்கு எடுப்பதில் தவறில்லை. எதை எடுக்கலாம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

முதலில் ஒவ்வொரு தாளாகப் புரட்டுங்கள். எங்கள் வீடுகளில் புத்தகம்தான் அலுமாரியாகவும் இருந்தது. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதியின் பிரதி, பழைய அடையாள அட்டை, கடிதம், புகைப்படம் எல்லாம் புத்தகத்துக்குள்தான் வைக்கப்பட்டன. காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் கையெழுத்து, அவர் படித்த கொப்பியில் மட்டும் மிஞ்சியிருக்கலாம். என்ன கொப்பி என்று பார்க்காமல் கடைக்கு நிறுத்துப் போட்டுவிட்டு, பிறகு அந்தக் கடையைத் தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது, அச்சிட்ட இடத்தைப் பாருங்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, வன்னி என்று உள்ளூரில் அச்சான நூல்கள், பாடசாலை மலர்கள், கும்பாபிஷேக மலர்கள், சங்க அறிக்கைகள், அந்தியேட்டி நாளில் வெளியிடும் கல்வெட்டுகள் எதையும் வெட்ட வேண்டாம். இவை அநேகமாகச் சில நூறு பிரதிகளே அச்சானவை. உங்களிடம் இருப்பதே கடைசிப் பிரதியாக இருக்கலாம். கல்வெட்டில் ஒரு குடும்பத்தின் வம்சாவளியே கிடக்கும். 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகம் இத்தகைய ஆவணங்களை வருடி இணையத்தில் இலவசமாகத் தருகிறது. உங்கள் நூல் அங்கே இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் வருடக் கொடுக்கலாம். அரைவாசி அரித்த நூலென்றாலும் மற்ற அரைவாசி பயன்படும்.

நனைந்த நூலின் தாள்களைப் பலவந்தமாகப் பிரிக்க வேண்டாம். நிழலில், காற்றோட்டத்தில் வைத்து, இடையிடையே வெற்றுக் கடதாசி செருகி உலரவிடுங்கள். பூஞ்சணம் பிடித்திருந்தால் மூக்கை மூடிக்கொண்டு வெளியில் வைத்துத் தட்டுங்கள். பூஞ்சணம் ஊறிய தாள் எந்தப் பாவனைக்கும் உதவாது.

இவ்வளவும் பார்த்த பிறகு மிஞ்சுபவை பரீட்சை வழிகாட்டிகள், காலாவதியான கணினி நூல்கள், தொலைபேசி விபரக்கொத்துகள், எழுதி முடித்த கணக்குக் கொப்பிகள். இவற்றில் துணிந்து கை வைக்கலாம்.

அம்மம்மா சுளகுக்குப் பூசுவது வெந்தயமும் கடதாசிக் கூழும். அதே கூழில் நல்ல பாத்திரம் செய்யலாம். தாள்களை நகமளவு கிழித்து ஒரு இரவு ஊறவிட்டு, மறுநாள் அவித்து, நார் பிரியும்வரை உரலில் இடியுங்கள். தனியாக ஊறவைத்த ஒரு பிடி வெந்தயத்தை அரைத்துச் சேர்த்தால் கூழ் இழுபட்டுப் பிடிக்கும். எண்ணெய் பூசிய கிண்ணமொன்றைக் கவிழ்த்து, அதன்மேல் கூழை விரல் தடிப்பில் அப்புங்கள். முதல் நாள் நிழலிலும் பிறகு வெயிலிலுமாக நாலைந்து நாளில் காய்ந்து கழன்று வரும். பளபளப்பான தாள் சரிவராது, அதன் பூச்சு கூழாகாமல் நிற்கும். மாரிகாலத்தில் தொடங்கவும் வேண்டாம், காய்வதற்குள் மணத்துவிடும். பங்குனி, சித்திரை நல்ல காலம். நூல், பொத்தான், மருந்து அட்டை போன்ற உலர்ந்த பொருட்களுக்கு மட்டுமே இந்தப் பாத்திரம் ஆகும்.

பனையோலை இழைக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழி. சைக்கிள் கம்பியில் தாளைக் கோணலாகச் சுருட்டி, நுனியை ஒட்டி, கம்பியை உருவிவிட்டால் மெல்லிய குழாய் கிடைக்கும். அதை நசித்தால் ஓலைபோல் பெட்டி இழைக்கலாம். சுருட்டிச் சுற்றி ஒட்டினால் சூடான சட்டி வைக்கும் வட்டம். பசைக்கு ஒரு பங்கு கோதுமை மாவை ஐந்து பங்கு தண்ணீரில் காய்ச்சினால் போதும். பூச்சி வராமலிருக்கப் புத்தகம் கட்டுபவர்கள் துருசு சேர்ப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டாம்.

புத்தகத்தின் நடுவைக் குடைந்து பெட்டியாக்கும் வித்தை இணையத்தில் பிரபலம். எங்கள் ஈரக்காற்றில் அது இளகிப்போகும், பாடு மட்டும்தான் மிச்சம். அதைவிட, கொப்பிகளில் எழுதாமல் மிஞ்சிய தாள்களைச் சேர்த்துத் தைத்து, பழைய கெட்டி மட்டையைப் போட்டால் பிள்ளைக்குப் புதுக் கொப்பி. 2022 இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே பிற்போடப்பட்டது. கொப்பி விலை அதற்குமுன் இருந்த நிலைக்கு இன்னும் இறங்கவில்லை.

அச்சுத்தாளில் வடை, ரோல் சுற்றுவதை மட்டும் விட்டுவிடுங்கள். எண்ணெயோடு மையும் சேர்ந்து வயிற்றுக்குள் போகும்.

வெட்டும் நூலில் யாராவது பெயரும் திகதியும் எழுதியிருந்தால், அந்தத் தாளை மட்டும் கழற்றி எடுத்து வையுங்கள். நான் அப்படி எடுத்தவற்றை, தைத்த கொப்பியொன்றின் உள்மட்டையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.