மாட்டுக் கழுத்தில் எத்தனை கிலோ? - வண்டிப் பூட்டின் கதை

இந்த முறை கணக்குப் பதிவியல் பக்கம் போகப் போவதில்லை. மாட்டு வண்டியைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள், இதிலும் கணக்கு உண்டு!

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் வீடு மாதிரி ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுவார்கள். ட்ரெய்லர் எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு காரின் கொக்கியில் அழுத்த வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. குறைந்தால் ட்ரெய்லர் வால் ஆட்டும். கூடினால் காரின் பின்பக்கம் தாழ்ந்து முன்சக்கரம் பிடிப்பை இழக்கும். அதைச் சமன் செய்யவே ஸ்பிரிங் பட்டை வைத்த தனிக் கொக்கி விற்கிறது. இதைப் படித்ததும் எனக்குத் திருச்சுழிப் பக்கம் பருத்தி ஏற்றிப்போன எங்கள் தாத்தாவின் வண்டிதான் நினைவுக்கு வந்தது.

எங்கள் பகுதி வியாபாரமே வண்டியில் வளர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் நாடார் வணிகர்கள் 'பேட்டை' கட்டினார்கள். வழிப்பறி பயம் இருந்த காலம் அது. வண்டி, மாடு, சரக்கு எல்லாம் மதிலுக்குள் பத்திரமாக இருக்கும். சரக்கின் மேல் 'மகமை' வசூலித்துப் பொதுக் காரியங்களுக்குச் செலவிட்டார்கள். விருதுநகரில் 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அந்தப் பணத்தில் வந்ததுதான். ஆக, அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாட்டின் கழுத்தும் ஒரு முதலீடு!

அந்தக் கழுத்தில் எவ்வளவு பாரம் விழுந்தது? இரண்டு சக்கர வண்டி ஒரு தராசு மாதிரி. அச்சுக்கு முன்னால் பாரம் கூடினால் நுகத்தடி கழுத்தை அழுத்தும். அது முன்பாரம். பின்னால் கூடினால் நுகம் மேலே எழும்பி, பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். அது பின்பாரம். சரக்கு 1,000 கிலோ, அச்சிலிருந்து நுகம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பாரத்தின் மையம் அச்சுக்கு 15 செ.மீ. முன்னால் இருந்தால் நுகத்தில் 50 கிலோ. 30 செ.மீ. என்றால் 100 கிலோ. ஒரு சாண் தள்ளி மூட்டையை அடுக்கினால் போதும், கதை மாறிவிடும்.

பிறகு டயர் வண்டி வந்தது. 1888-ல் காற்றடைத்த டயரை உருவாக்கிய டன்லப் ஒரு கால்நடை மருத்துவர். மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அவர் செய்தது, பின்னால் நம் மாட்டு வண்டிக்கும் வந்து சேர்ந்தது! ஈரக் கரிசலில் இரும்புப் பட்டா போட்ட மரச்சக்கரம் புதையும். டயர் அவ்வளவு புதையாது, இழுவையும் லேசு. ஆனால் விலை? மரச்சக்கரம் உடைந்தால் உள்ளூர் ஆசாரி பார்த்துக்கொள்வார். கூலியைத் தானியமாகக்கூடக் கொடுக்கலாம். டயருக்கு ரொக்கம் வேண்டும். கருவேல முள் குத்தினால் பஞ்சர் வேறு. அதனால்தான் பலர் பழைய டயரும் பழைய அச்சும் தேடி வாங்கினார்கள். எங்கள் தாத்தாவும் அப்படித்தான்.

இங்கேதான் சிக்கல். 1965-ஆம் ஆண்டின் இழுவை விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளில், நடுத்தர மாட்டுக்கு டயர் இல்லாத இரண்டு சக்கர வண்டியில் 700 கிலோ, டயர் வண்டியில் 1,050 கிலோ என்று வரம்பு. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டவே கூடாது. (எங்கள் ஊர் சித்திரை மாதத்தில் இது எத்தனை நாள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.) சக்கரம் மாறியது, சரக்கு கூடியது. நுகத்தடி மட்டும் அதே கட்டை! பெங்களூர் ஐ.ஐ.எம்.-இன் முதல் இயக்குநர் என்.எஸ். ராமசாமி, வண்டியோடு நுகத்தையும் திருத்த வேண்டும் என்று பல ஆண்டுகள் பாடுபட்டார். நிர்வாகவியல் பேராசிரியர் மாட்டுக் கழுத்தைக் கவனித்தார் என்பதே எனக்கு ஆச்சரியம்.

டயர் வண்டி வாங்கிய முதல் வருஷம் தாத்தா ஆசையில் கூடுதலாக முன்பாரம் ஏற்றிவிட்டார். வலத்து மாட்டுக்குக் கழுத்தில் கட்டி வந்து, புண்ணாகி, அறுவடை நேரத்தில் இரண்டு மாதம் பூட்ட முடியவில்லை. "ஏய்யா, டயருக்குப் பாத்துப் பாத்துச் செலவழிச்சேன். மூட்டைய ஒரு சாண் பின்னால தள்ளக் காசா கேட்டுச்சு?" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்று எங்கள் தெருவில் மாடு இல்லை, டிராக்டர் இருக்கிறது. அதிலும் இதே கதைதான். இரண்டு சக்கர ட்ரெய்லரில் பாரம் அளவாக முன்னால் இருந்தால் டிராக்டரின் பின்சக்கரத்துக்குப் பிடிப்பு, அதிகமானால் முன்சக்கரம் தூக்கும். மாடு கழுத்துப் புண்ணில் சொன்னதை டிராக்டர் கவிழ்ந்து சொல்லும்.

வாங்கும் விலை ஒரு நாள் செலவு. பாரத்தை எங்கே வைக்கிறோம் என்பது தினச்செலவு. எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தில் இது இல்லை. தாத்தாவுக்குத் தெரிந்திருந்தது, ஒரு மாட்டின் இரண்டு மாத வலிக்குப் பிறகு.