கோப்பு நம் வீட்டில், சாவி யார் கையில்?

உங்கள் வீட்டில் இருக்கும் திரைகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஹோலில் டிவி, ஆளுக்கொரு போன், கொரோனா காலத்தில் ஒன்லைன் வகுப்புக்கென்று வாங்கிய டெப், மூலையில் பழைய லெப்டொப். நாலைந்து தேறும். இனி, மூத்த மகளின் கல்யாண வீடியோ எங்கே என்று கேட்டுப் பாருங்கள். பென்ட்ரைவ் ஒன்றில் இருந்தது என்று பதில் வரும். அந்தப் பென்ட்ரைவ் எங்கே என்பதற்குப் பதில் வராது.

பாட்டு, பயான், குடும்ப வீடியோ எல்லாவற்றையும் வீட்டில் ஒரே கணினியில் வைத்துவிட்டு, எந்த அறையிலிருந்தும் எந்தக் கருவியிலும் போட்டுப் பார்க்கும் வழி ஏறத்தாழ 25 வருடங்களாக இருக்கிறது. அந்த வழியை யார் திறந்தார்கள், யார் பூட்டினார்கள் என்பது சுவையான வரலாறு. நம் வீடுகளுக்கும் அதில் வேலை இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

1. உள்ளே ஒன்றுமில்லாத பெட்டி

தொண்ணூறுகளின் கடைசியில் உலகெங்கும் மக்கள் தமது இறுவட்டுகளை எம்.பி.3 கோப்புகளாக மாற்றிக் கணினியில் சேர்க்கத் தொடங்கினார்கள். பாட்டு ஒரு அறையில் இருந்த கணினிக்குள் போய்விட்டது. நல்ல ஸ்பீக்கரோ இன்னொரு அறையில். நடுவில் ஒரு சுவர்.

2001இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஷோன் அடம்ஸ் என்பவர் தொடங்கிய ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறிய நிறுவனம் அந்தச் சுவருக்கு ஒரு விடை கொண்டு வந்தது. ஸ்லிம்பித்ரீ என்பது அந்தப் பெட்டியின் பெயர். அதற்குள் ஹார்ட் டிஸ்க் கிடையாது, பாட்டு எதுவும் கிடையாது. ஒரு நெட்வேர்க் வயர் மாட்டும் இடம், சின்ன எழுத்துத் திரை, ஒரு ரிமோட், அவ்வளவுதான். பாட்டெல்லாம் கணினியில் இருக்கும். பெட்டி கேட்கும், கணினி கொடுக்கும். 2003இல் வந்த அடுத்த பெட்டியான ஸ்குவீஸ்பொக்ஸ் வைபையிலும் வேலை செய்தது. நாலு அறையில் நாலு பெட்டி வைத்தால் நாலும் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் பாடும்.

இங்கே ஒரு விடயத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் ஓடும் சேர்வர் மென்பொருளை அந்த நிறுவனம் திறந்த மூலமாக வெளியிட்டது. யாரும் எடுத்து வாசிக்கலாம், திருத்தலாம். அன்று அது பெரிய விடயமாகத் தெரியவில்லை. பின்னால் அதற்கு வருவோம்.

2. ஒரே மாதத்தில் மூடிய கதவு

2003 ஏப்ரல் 28ஆம் திகதி அப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸ் 4 மென்பொருளை வெளியிட்டது. ஒரு கணினியில் இருக்கும் பாட்டை, அதே நெட்வேர்க்கில் உள்ள மற்றக் கணினிகள் தாமாகவே கண்டுபிடித்துக் கேட்கும் வசதி அதில் இருந்தது. மக்கள் கெட்டிக்காரர்கள். வீட்டுக்கு வெளியே, இணையத்தின் வழியாகவும் அதைக் கேட்க வழி பிடித்துவிட்டார்கள். மே மாத முடிவுக்குள் ஒரு புதுப்பிப்பு வந்தது. அதோடு அந்த வெளிவழி மூடப்பட்டு, பகிர்வு வீட்டு நெட்வேர்க்குக்குள் மட்டும் என்றானது.

பாட்டுக் கம்பனிகளுக்கு அதில் நியாயமான கவலை இருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் பணம் கொடுத்து வாங்கிய கணினியில், சொந்தக் கோப்பில் என்ன செய்யலாம் என்பதை இன்னொருவர் ஒரு புதுப்பிப்பால் மாற்ற முடியும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

3. எல்லாப் பெட்டிக்கும் ஒரு பொதுமொழி

டிவி ஒரு கம்பனி, கணினி ஒரு கம்பனி, போன் இன்னொரு கம்பனி. இவை ஒன்றோடொன்று பேச ஒரு பொதுமொழி வேண்டும். 1999இல் மைக்ரோசொப்ட் முன்னின்று தொடங்கிய யு.பி.என்.பி என்ற ஏற்பாடு அதற்கு அடித்தளம் போட்டது. 2003 ஜூனில் சொனி, இன்டெல், மைக்ரோசொப்ட் உட்பட 17 நிறுவனங்கள் கூடி ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. அடுத்த வருடம் முதல் விதிமுறைகள் வெளிவந்தபோது அதற்கு டி.எல்.என்.ஏ என்று பெயர் வைத்தார்கள். உங்கள் டிவி பெட்டியின் அட்டையிலோ பழைய போனின் மெனுவிலோ இந்த நான்கு எழுத்தைக் கண்டிருப்பீர்கள்.

இது வேலை செய்யும் விதம் அழகானது. டிவியை ஓன் செய்ததும் அது வீட்டு நெட்வேர்க்கில் ஒரு குரல் கொடுக்கிறது. 239.255.255.250 என்ற பொது முகவரிக்கு ஒரு சிறு செய்தி: "இங்கே யாராவது சேர்வர் இருக்கிறீர்களா?" சேர்வர் ஓடும் கணினி, "நான் இருக்கிறேன், என் விபரம் இந்த இடத்தில்" என்று பதில் அனுப்புகிறது. டிவி அந்த விபரத்தை வாசித்து, பட்டியலைக் கேட்டு வாங்கித் திரையில் போடுகிறது. நாம் ஒன்றைத் தெரிவு செய்தால், இணையப் பக்கம் ஒன்று வருவது போலவே கோப்பு துண்டு துண்டாக வந்து ஓடும். எந்த முகவரியையும் நாம் தட்டச்சு செய்யத் தேவையில்லை.

இந்த விதிகளில் மூன்று வேடங்கள் உண்டு: கோப்பை வைத்திருப்பவர், கோப்பை ஓட்டுபவர், கட்டளை கொடுப்பவர். நம்மூர்க் கல்யாண வீட்டை நினைத்துக்கொண்டால் லேசாக விளங்கும். சாப்பாடு சமையல் கட்டில் இருக்கிறது. சாப்பிடுகிறவர்கள் பந்தியில் இருக்கிறார்கள். நடுவில் ஒருவர் நின்று, "அந்தப் பக்கம் ஒரு சஹன் கொடுங்கள்" என்கிறார். சஹன் அவர் கையால் போவதில்லை. நம் போன் அந்த நடுவில் நிற்பவர். போனிலிருந்து டிவிக்கு வீடியோ போடச் சொன்னால், வீடியோ சேர்வரிலிருந்து நேரே டிவிக்குப் போகும். போனை மூடினாலும் படம் ஓடிக்கொண்டிருக்கும்.

இவ்வளவு அழகான ஏற்பாடு ஏன் எல்லா வீட்டிலும் ஓடவில்லை? காரணம் கோப்பின் வகை. டி.எல்.என்.ஏ முத்திரை பெற்ற வீட்டுக் கருவி கட்டாயம் ஓட்டவேண்டிய வகைகள் மிகச் சிலவே: படத்துக்கு ஜேபெக், வீடியோவுக்கு எம்பெக்-2, ஒலிக்குச் சுருக்கப்படாத ஒரு வகை. மக்களிடம் இருந்ததோ டிவ்எக்ஸ், எம்.கே.வி. பட்டியலில் பெயர் தெரியும், அழுத்தினால் "இந்தக் கோப்பை இயக்க முடியாது" என்று வரும். இதை அனுபவிக்காத வீடு இருக்காது. அத்துடன் அப்பிள் இந்தக் கூட்டமைப்பில் சேரவே இல்லை. 2010இல் எயார்பிளே என்று தனி வழி போட்டுக்கொண்டது. 2014 அளவில் 25,000க்கும் மேற்பட்ட கருவி மாதிரிகள் டி.எல்.என்.ஏ முத்திரை பெற்றிருந்தன. பொதுமொழி இருந்தது, ஆனால் ஆளுக்கொரு உச்சரிப்பு.

4. விளையாட்டுப் பெட்டியில் பிறந்தது

கம்பனிகள் விதி எழுதிக்கொண்டிருந்த அதே வருடங்களில், சில தன்னார்வலர்கள் மைக்ரோசொப்டின் எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுப் பெட்டியைத் திறந்து, அதை ஒரு வீடியோப் பெட்டியாக மாற்றினார்கள். வெறும் 64 மெகாபைட் நினைவகத்தில் ஓடிய அந்த மென்பொருளுக்கு எக்ஸ்பொக்ஸ் மீடியா சென்டர் என்று பெயர். 2014இல் அது கோடி என்று பெயர் மாறியது. இன்றைக்கும் இருக்கிறது.

அதிலிருந்து 2008இல் பிரிந்த கிளைதான் பிளெக்ஸ். டி.எல்.என்.ஏ தடுக்கி விழுந்த இடத்தை பிளெக்ஸ் சேர்வர் கடந்தது. டிவிக்கு விளங்காத கோப்பு வந்தால், சேர்வரே அதை ஓடும்போதே விளங்கும் வகைக்கு மாற்றிக் கொடுக்கும். பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளரை இருத்தியது போல. படத்தின் அட்டைப்படம், வருடம், விபரமெல்லாம் தானாக வந்து சேரும். நாம் விட்ட இடத்தை நினைவில் வைத்து, ஹோலில் பாதி பார்த்ததை அறையில் தொடரலாம்.

மைக்ரோசொப்டும் 2007இல் விண்டோஸ் ஹோம் சேர்வர் என்று வீட்டுக்கென்றே ஒரு சேர்வரைக் கொண்டு வந்தது. வீட்டில் எதற்கு சேர்வர் என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க ஒரு படப்புத்தகம்கூட விளம்பரத்துக்காக அச்சிட்டார்கள். 2012இல், இனிப் புதிய பதிப்பு வராது என்று அறிவித்துவிட்டார்கள்.

5. மூடல்களின் வரிசை

இனிப் பூட்டிய கதைகளைப் பாருங்கள். 2017 ஜனவரியில், வேலை முடிந்தது என்று சொல்லி டி.எல்.என்.ஏ அமைப்பு தன்னைக் கலைத்துக்கொண்டது. எம்பி என்ற சேர்வர் திறந்த மூலமாக வளர்ந்து, 2018 டிசம்பரில் தன் மூலத்தை மூடிக்கொண்டது. பிளெக்ஸ் நிறுவனம் 2025 ஏப்ரல் முதல், வீட்டுக்கு வெளியே இருந்து உங்கள் சொந்தக் கோப்பைப் பார்ப்பதைக் கட்டண வசதியாக்கியது. 2025 மார்ச்சில் உலகம் முழுக்க இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட் கருவிகள் திடீரென்று வேலை செய்யாமல் நின்றன. கருவிகளில் பழுது ஒன்றும் இல்லை. அவை உண்மையானவை என்று உறுதி சொல்லும் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் 10 வருடம் முடிந்து காலாவதியாகி இருந்தது. கருவி வீட்டில், போன் வீட்டில், வைபை வீட்டில். சாவி மட்டும் வேறு இடத்தில். சில நாட்களில் கூகுள் அதைச் சரிசெய்தது. ஆனால் அந்தச் சில நாளும் அந்த வீட்டுக்காரர்களால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை.

இப்போது முதலில் குறித்து வைத்த விடயத்துக்கு வருவோம். ஸ்லிம் டிவைசஸ் நிறுவனத்தை 2006இல் லொஜிடெக் வாங்கியது. 2012இல் ஸ்குவீஸ்பொக்ஸ் உற்பத்தியை நிறுத்தியது. 2024இல் அதன் இணையச் சேவையையும் மூடியது. மூன்று அடி. ஆனாலும் 2003இல் வாங்கிய ஸ்குவீஸ்பொக்ஸ் பெட்டி இன்றும் பாடுகிறது! சேர்வர் மென்பொருளின் மூலம் திறந்திருந்ததால், அதைப் பாவித்தவர்களே எடுத்து நடத்துகிறார்கள். லிரியன் என்று புதுப் பெயரும் வைத்திருக்கிறார்கள். எம்பி மூடிய அதே 2018 டிசம்பரில், மூடுவதற்கு முந்திய மூலத்திலிருந்து ஜெலிபின் என்ற சேர்வரைத் தன்னார்வலர்கள் கிளைத்தெடுத்தார்கள். அது இலவசம். கணக்குத் திறக்க எந்தக் கம்பனியின் அனுமதியும் தேவையில்லை.

25 வருட வரலாற்றை ஒரு வரியில் சொல்வதானால்: கம்பனி நடத்தியது கம்பனி விரும்பும் வரை இருந்தது, பாவிப்பவர் கையில் மூலமும் கோப்பும் இருந்தது மட்டும் நிலைத்தது.

6. இது நமக்கு எதற்கு?

நம் நாட்டில் 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. வட்ஸ்அப்பில் மட்டும் வைத்திருந்த படங்களையும் குரல் பதிவுகளையும் அனுப்பவும் வாங்கவும் முடியாமல் இருந்தோம். வீட்டு நெட்வேர்க் அப்படி நிற்பதில்லை. மாத டேட்டா முடிந்தாலும், வெளி இணைப்பு அறுந்தாலும், ரவுட்டருக்கு கரண்ட் இருக்கும் வரை சேர்வரிலிருந்து டிவிக்குக் கோப்பு போகும். அதற்கு ஒரு மெகாபைட் டேட்டாவும் கழியாது.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. எண்பதுகளில் சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் போன நம் உறவுகள் கடிதத்துக்குப் பதிலாகக் கெசட்டில் பேசி அனுப்பினார்கள். ஊரிலிருந்தும் பேசி அனுப்பினோம். மௌத்தாகிப் போன உம்மும்மாவின் குரல், பிள்ளையாக இருந்த இன்றைய வாப்பாவின் மழலை, பின்னால் கேட்கும் கோழிச் சத்தம், பக்கத்து வீட்டுப் பேச்சு எல்லாம் அந்த நாடாக்களில் இருக்கின்றன. எந்தக் கம்பனியின் சேர்வரிலும் அவை இல்லை. யூடியூபில் தேடினாலும் கிடைக்காது. அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஓட்டுவதற்குப் பிளேயரும் அருகிவிட்டது.

60 நிமிடக் கெசட் ஒன்று சாதாரணத் தரத்தில் எம்.பி.3 ஆனால் 58 மெகாபைட் அளவுதான் வரும். 100 கெசட் 6 ஜிகாபைட்டுக்குள் அடங்கும். ஒரு குடும்பத்தின் குரல் முழுவதும் போனின் ஒரு மூலையில் கொள்ளும்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. ஒரு பழைய லெப்டொப்பை ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்து ஜெலிபின் போடுங்கள். கோப்பின் பெயரிலேயே யார், எந்த வருடம், எந்த ஊர் என்று எழுதுங்கள்; பெயரில்லாத கோப்பு பத்து வருடத்தில் யாருக்கும் உதவாது. எல்லாவற்றுக்கும் இன்னொரு பிரதி வேறொரு ஹார்ட் டிஸ்கில், முடிந்தால் வேறொரு வீட்டில் இருக்கட்டும். சேர்வர் என்பது பிரதி ஆகாது, அந்த டிஸ்க்கும் ஒருநாள் போகும். விபரம் தெரியாமல் அதை இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள், வீட்டுக்குள் மட்டும் ஓடட்டும்.

தரம் 10, 11 படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த வேலையை அவரிடமே கொடுங்கள். தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் நெட்வேர்க் என்று படிப்பதைக் கையால் தொட்டுப் பார்த்ததாகவும் இருக்கும். முதலில் எந்தக் கெசட்டை மாற்றுவது என்று மட்டும் வீட்டில் வயதில் மூத்தவரிடம் கேளுங்கள். அதில் பேசுகிறவர் யார் என்று சொல்லக்கூடியவர் அவர்தான்.