புனேயிலிருந்து வந்த சூத்திரம்: டி. ஆர். காட்கிலும் மாநிலங்களின் நிதிப் பங்கும்

ஒன்றிய அரசுக்கும் மாநிலங்களுக்கும் இடையிலான நிதிப் பகிர்வு குறித்து இன்று நாம் நடத்தும் விவாதங்களில் காட்கிலின் பெயர் அரிதாகவே ஒலிக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிப்போர் ‘காட்கில் சூத்திரம்’ என்பதை ஐந்து எண்களாக மனப்பாடம் செய்கின்றனர்: 60, 10, 10, 10, 10. அவ்வெண்கள் எந்த அரசியல் சூழலில் பிறந்தன, அவற்றை முன்வைத்தவர் எத்தகைய அறிவு மரபிலிருந்து வந்தார் என்பவை பாடநூலுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. அதனைச் சற்று விரித்துரைப்பதே இப்பதிவின் நோக்கம்.

1905-இல் கோபால கிருஷ்ண கோகலே புனேயில் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். அவர் 1915-இல் மறைந்தபின் அதன் தலைமையை ஏற்றவர் வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி. பொதுவாழ்வில் பேசுவோர் முதலில் தரவுகளைக் கற்றறிய வேண்டும் என்பது கோகலே விட்டுச் சென்ற ஒழுக்கம். அச்சங்கத்தின் வழியாக, ஆர். ஆர். காளே வழங்கிய அறக்கொடையைக் கொண்டு, 1930-இல் கோகலே அரசியல் பொருளாதார ஆய்வு நிறுவனம் தோன்றியது. அதன் முதல் இயக்குநர் தனஞ்ஜயராவ் ராமச்சந்திர காட்கில். கேம்பிரிட்ஜில் பயின்று, இந்தியத் தொழில் வளர்ச்சி பற்றிய தம் நூலை 1924-இலேயே வெளியிட்டிருந்த அவருக்கு அப்போது வயது 29. 1966 வரை அப்பொறுப்பில் அவர் நீடித்தார்.

அந்நிறுவனத்தின் தொடக்கக் கால ஆய்வுகளின் பொருள்களைப் பாருங்கள்: புனேயின் பழச் சந்தை, பம்பாய் மாகாண மாவட்டங்களின் பேருந்துப் போக்குவரத்து, வாய் வட்டாரத்தின் வேளாண்மை, புனே நகர மக்களின் சமூகப் பொருளாதார நிலை. தேசம் என்ற பேரலகிலிருந்து கீழிறங்காமல், சந்தையிலிருந்தும் வட்டாரத்திலிருந்தும் மேலேறும் பார்வை அது. காட்கில் ஆய்வோடு நின்றுவிடவுமில்லை. அகமத்நகர் மாவட்டத்தின் லோணியில் விட்டல்ராவ் விகே பாட்டீல் முன்னின்று திரட்டிய கரும்பு விவசாயிகளோடு சேர்ந்து பிரவரா கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை உருவாக்குவதில் பங்கேற்று, அதன் தொடக்க ஆண்டுகளில் தலைவராகவும் இருந்தார். 1950-இல் அங்கு அரவை தொடங்கியது. பின்னாளில் மேற்கு மகாராஷ்டிரத்தில் ஆலை நிர்வாகக் குழுவே சட்டமன்றத்துக்குச் செல்லும் படிக்கட்டாக மாறியது. பொருளாதார நிறுவனம் ஒன்று வட்டார அரசியலை எவ்வாறு மாற்றியமைக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1967 செப்டம்பரில் அவர் திட்டக்குழுவின் துணைத் தலைவரானார். அவ்வாண்டுப் பொதுத்தேர்தலில் பல மாநிலங்களில் காங்கிரஸ் ஆட்சியை இழந்திருந்தது; சென்னையில் அண்ணா முதலமைச்சராகியிருந்தார். முதல் மூன்று ஐந்தாண்டுத் திட்டங்களில் மாநிலங்களுக்கான திட்ட உதவிக்குப் பொது விதி எதுவும் இல்லை. திட்டந்தோறும் பேசி, கேட்டுப் பெறும் முறையே நிலவியது. அரசமைப்பின் 280-ஆம் உறுப்பின்படி அமையும் நிதிக்குழுவின் பரிந்துரைக்கு வெளியே, 282-ஆம் உறுப்பின் வழியே இத்தொகைகள் வழங்கப்பட்டன. டெல்லியிலும் மாநிலங்களிலும் ஒரே கட்சி ஆண்ட வரை இக்குறை உள்வீட்டுப் பேச்சாகத் தீர்ந்தது. ஆட்சிகள் வேறுபட்டதும் அதுவே கூட்டாட்சிச் சிக்கலாயிற்று.

இந்நிலையில்தான் நான்காம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கென (1969–74) முதலமைச்சர்கள் அமர்ந்த தேசிய வளர்ச்சி மன்றத்தின் ஒப்புதலோடு புதிய முறை வந்தது. அசாம், நாகாலாந்து, ஜம்மு காஷ்மீர் ஆகியவற்றின் தேவை முதலில் ஒதுக்கப்பட்டது. எஞ்சியதில் 60 விழுக்காடு மக்கள்தொகைக்கு. 10 விழுக்காடு தேசியச் சராசரிக்குக் குறைவான தலைவருமானம் உடைய மாநிலங்களுக்கு. 10 வரி திரட்டும் முயற்சிக்கு. 10 நடப்பிலுள்ள பாசன, மின் திட்டங்களுக்கு. 10 சிறப்புச் சிக்கல்களுக்கு. பொது மாநிலங்களுக்கு வழங்கப்படும் தொகையில் 30 விழுக்காடு மானியம், 70 விழுக்காடு கடன்.

இதன் குறைகள் வெளிப்படையானவை. மக்கள்தொகைக்குப் பெருமதிப்பும் வறுமைக்குச் சிறுமதிப்பும் தரப்பட்டதால் பின்தங்கிய மாநிலங்கள் பெரிதாகப் பயனடையவில்லை. ஏழை மாநிலமும் வளமான மாநிலமும் ஒரே 70 விழுக்காட்டுக் கடனைச் சுமந்தன. 1980-இல் பாசன, மின் திட்டங்களுக்கான பங்கு தலைவருமானக் கூறுக்கு மாற்றப்பட்டது இதனாலேயே. ஆயினும், முதலமைச்சர் ஒருவர் தம் மாநிலத்துக்கு எவ்வளவு வரும் என்பதைத் தாமே கணக்கிட்டுக்கொள்ள இயன்றது. சூத்திரத்தின் வரலாற்று முக்கியத்துவத்தை நான் இதில்தான் காண்கிறேன். விழுக்காடுகளைக் குறித்து வாதிடலாம், திருத்தம் கோரலாம்; ஆனால் அவை எல்லோருக்கும் தெரிந்த விழுக்காடுகள்.

விதியைச் சுற்றிச் செல்லும் வழி விரைவிலேயே கண்டறியப்பட்டது. ஒன்றிய அரசின் நிதியுதவித் திட்டங்கள் மொத்தத் திட்ட உதவியில் ஆறில் அல்லது ஏழில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று தேசிய வளர்ச்சி மன்றம் வரையறுத்திருந்தது. அவ்வரம்பு காக்கப்படவில்லை, சூத்திரத்துக்கு உட்படாத தொகை வளர்ந்துகொண்டே போனது. 1969-இல் மு. கருணாநிதி அரசு அமைத்த இராஜமன்னார் குழு, திட்டக்குழுவின் இடத்தில் சட்டத்தால் நிறுவப்படும் வல்லுநர் அமைப்பு வேண்டும் என்று 1971-இல் வலியுறுத்தியதை இப்பின்னணியில் வாசிக்க வேண்டும். அவ்வாண்டு மே 3-இல் காட்கில் காலமானார். அவருக்குப் பின் துணைத் தலைவரான சி. சுப்பிரமணியம் திட்டத்துறை அமைச்சராகவும் இருந்தார். வல்லுநரின் இருக்கை அமைச்சரிடம் சென்றதும் ஒரு செய்திதான்.

2015-இல் திட்டக்குழு மறைந்தது. சூத்திரமும் அதனோடு முடிந்தது. நிதிக்குழுவின் வரிப்பகிர்வுக்கு இன்றும் அளவுகோல்கள் உண்டு. 15-ஆவது நிதிக்குழு 2011 மக்கள்தொகைக்கு 15 விழுக்காடும், மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுச் சாதனைக்கு 12.5 விழுக்காடும் அளித்தது. ஆனால் அப்பகிர்வுக்கு வெளியே, நிபந்தனைகளோடு வரும் தொகைகளுக்கு, 1969-இல் கிடைத்ததுபோன்ற ஒரு பொது விதி இன்று எங்கே இருக்கிறது? முதலமைச்சர்கள் கூடி அதனை முடிவு செய்யும் மன்றம் எது? பங்கின் அளவைக் கேட்கும் நம் குரல் இக்கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும். கூட்டாட்சி நிதி குறித்து ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்கள் டெல்லி ஆவணங்களோடு நிற்காமல், புனேயின் பழச் சந்தை ஆய்விலிருந்தே தொடங்கலாம் என்பது என் பரிந்துரை.