படிமம் எங்கே பிறக்கிறது? ரேடியோ தொலைநோக்கிகளில் மின்னணுச் சுற்றும் சமிக்ஞைச் செயலாக்கமும்

முன்னுரை

தொலைநோக்கியின் திறனை அதன் பரப்பளவைக் கொண்டு மதிப்பிடுவது நெடுநாள் வழக்கம். தட்டின் விட்டம் எத்தனை மீட்டர், தட்டுகள் எத்தனை, அவை எவ்வளவு தொலைவுக்குப் பரந்துள்ளன என்பவையே முதலில் கேட்கப்படும் கேள்விகள். திட்ட அறிக்கைகளும் செய்திகளும் இந்த எண்களையே முன்னிறுத்துகின்றன. ரேடியோ வானியலைப் பொறுத்தவரை இந்த அளவுகோல் பாதி உண்மையையே சொல்கிறது. ஒரே உலோகக் கட்டமைப்பு, அதன் பின்னால் உள்ள பெருக்கிகளும் எண்ணிமச் சுற்றுகளும் கணக்கீட்டு முறைகளும் மாறியபோது, பலமுறை புதிய தொலைநோக்கியாக ஆகியிருக்கிறது. நீலகிரியில் உள்ள ஊட்டி ரேடியோ தொலைநோக்கியையும் புணேக்கு வடக்கே கோடத் கிராமத்தில் உள்ள மாபெரும் மீட்டரலை ரேடியோ தொலைநோக்கியையும் (ஜி.எம்.ஆர்.டி.) சான்றாகக் கொண்டு இக்கட்டுரை இதை நிறுவ முயல்கிறது. அதிலிருந்து பெறப்படும் கொள்கை முடிவு ஒன்றையும் இறுதியில் முன்வைக்கிறது.

உதகை: நிலவை விளிம்பாக்கிய கணக்கு

டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-இல் நிறைவுற்ற ஊட்டித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட உருளைப் பரவளையம். அவ்விடத்தின் அட்சரேகை சுமார் 11 பாகை. அதே சாய்வுள்ள மலைச்சரிவில் வடக்கு தெற்காக அமைத்ததால், அதன் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாயிற்று. கிழக்கு மேற்காக ஒரே ஒரு திசையில் திருப்பினால் போதும். வானப் பொருளைப் பல மணி நேரம் தொடரலாம். வடக்கு தெற்காகப் பார்வையை நகர்த்தும் பொறுப்பு 1,056 இருமுனை அலைவாங்கிகளின் கட்டத்தை மாற்றும் சுற்றுகளுடையது. ஆக, தொடக்கத்திலேயே இத்தொலைநோக்கியின் ஒரு திசை இயந்திரத்தாலும் மறுதிசை மின்னணுவியலாலும் இயங்கியது.

ஆனால் 326.5 மெகாஹெர்ட்ஸில், அதாவது 92 சென்டிமீட்டர் அலைநீளத்தில், 530 மீட்டர் நீளம் தருவது சில வில்நிமிடப் பகுதிறன்தான். தொலைதூர விண்மீன் மண்டலங்களின் கோண அளவோ வில்நொடிகளில் இருந்தது. இந்த இடைவெளியை நிரப்பியது நிலவு. நிலவின் விளிம்பு ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும்போது சமிக்ஞை சட்டென்று அணைவதில்லை. விளிம்பு விலகலால் ஏறி இறங்கும் வரைகோடாகப் பதிவாகிறது. இந்த அலைநீளத்தில் அந்த ஏற்ற இறக்கத்தின் கோண அளவு சுமார் 7 வில்நொடி. அதுவே பகுதிறனின் எல்லை என்று தோன்றும். வரைகோட்டைத் தக்க சார்பு ஒன்றுடன் கணித முறையில் இணைத்தால் அந்த எல்லைக்கு உள்ளேயும் மூலத்தின் ஒளிர்வுப் பரவலை மீட்கலாம் என்று பீட்டர் ஷ்யூயர் 1962-இல் காட்டினார். ஊட்டியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மங்கலான மூலங்களின் அளவு இவ்வழியில் பெறப்பட்டது. தட்டின் நீளம் விதித்த வரம்பைத் தாண்டியது கணக்கீடுதான்.

ஒரு பிட் போதுமா?

இரண்டாவது சான்று எண்ணிமமாக்கலில் இருக்கிறது. வானிலிருந்து வரும் ரேடியோ அலை அதன் இயல்பில் ஒரு சீரற்ற இரைச்சல். அதை எண்ணாக்கும்போது ஒவ்வொரு மாதிரியையும் எவ்வளவு நுணுக்கமாக அளக்க வேண்டும்? இரண்டாம் உலகப் போரின்போது ரேடார் தடுப்பு குறித்து ஆய்ந்த வான் விளெக், மின்னழுத்தத்தின் குறி நேரா எதிரா என்பதை மட்டும் வைத்துக்கொண்டாலும் இரைச்சலின் நிறமாலையை மீட்க முடியும் என்று 1943-இல் காட்டியிருந்தார். இதைக் கையாண்டு எம்.ஐ.டி.யில் சாண்டர் வைன்ரெப் ஒரு பிட் எண்ணிமக் கருவியை உருவாக்கினார். 1963-இல் விண்வெளியில் ஹைட்ராக்சில் மூலக்கூறு கண்டறியப்பட்டதில் அக்கருவிக்கு நேரடிப் பங்கு உண்டு.

மாதிரியின் அளவை முழுவதும் துறந்து குறியை மட்டும் வைத்துக்கொண்டால் உணர்திறன் 64 விழுக்காடாகக் குறைகிறது. இரண்டு பிட்டுகளில் அது 88 விழுக்காட்டுக்கு மீள்கிறது. அதன்பின் கூடுதல் பிட்டுகள் உணர்திறனுக்குத் தருவது சொற்பமே. கருந்துளையின் நிழலைப் படமெடுத்து 2019-இல் வெளியிட்ட நிகழ்வெல்லைத் தொலைநோக்கி, 2017-இல் 230 கிகாஹெர்ட்ஸில் தரவைப் பதிந்தபோது இரண்டு பிட் மாதிரிகளையே பயன்படுத்தியது.

அப்படியானால் மீட்டர் அலைநீளங்களில் இயங்கும் கருவிகள் 8 பிட், 10 பிட், அதற்கும் மேல் என்று ஏன் செல்கின்றன? காரணம் வானில் இல்லை, தரையில் இருக்கிறது. தொலைக்காட்சி, கைபேசி, வானூர்தித் தொடர்பு, உயரழுத்த மின்கம்பிகளின் பொறி ஆகியவை வான்சமிக்ஞையைவிடப் பல மடங்கு வலுவானவை. ஒரு பிட் கருவியில் வலுவான அலை ஒன்று நுழைந்தால் குறியைத் தீர்மானிப்பது அதுவே. மெல்லிய இரைச்சல் தடமின்றிப் போகிறது. போதிய பிட் இல்லாத சுற்று நேர்கோட்டுத் தன்மையை இழந்து, ஓர் அதிர்வெண்ணின் மாசைப் பட்டை முழுவதும் பரப்பியும் விடுகிறது. ஒவ்வொரு பிட்டும் ஏறத்தாழ 6 டெசிபெல் இயங்கு வீச்சைத் தருகிறது. எனவே கூடுதல் பிட்டுகள் மனிதன் எழுப்பும் ஓசைக்குச் செலுத்தும் வரி. மின்னணு முன்னேற்றத்தின் ஒரு பகுதி புதிதாகக் காண்பதற்கன்று, முன்பு கண்டதைத் தொடர்ந்து காண்பதற்கே செலவாகிறது என்பதை இவ்விடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

அலைப்பட்டையின் அகலம் என்னும் பரப்பு

ஜி.எம்.ஆர்.டி.யில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டுகள். அவற்றில் 14 நடுவே நெருங்கி நிற்க, 16 தட்டுகள் ஆங்கில ஒய் எழுத்தின் கைகளைப்போல் விரிந்து 25 கிலோமீட்டர் வரை பரந்துள்ளன. ஒவ்வொரு தட்டின் சமிக்ஞையும் மற்ற எல்லாத் தட்டுகளின் சமிக்ஞையோடும் பெருக்கப்பட்டுச் சராசரி எடுக்கப்படுகிறது. 435 இணைகள் தரும் இந்த எண்கள் வானப் படிமத்தின் ஃபூரியர் கூறுகள். இதைச் செய்யும் கருவியே கோரிலேட்டர். பூமி சுழலச் சுழல இணைகளின் திசை மாறி மேலும் கூறுகள் நிரம்புகின்றன. கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரைல் வளர்த்தெடுத்த இந்த முறை 1974-இல் நோபல் பரிசு பெற்றது.

தொடக்கத்தில் ஜி.எம்.ஆர்.டி. ஒரே நேரத்தில் 32 மெகாஹெர்ட்ஸ் பட்டையை மட்டுமே கையாண்டது. 2010 அளவில் தனிச்சில்லுகளாலான கோரிலேட்டரின் இடத்தைக் கடையில் கிடைக்கும் கணினிகளில் ஓடும் மென்பொருள் பிடித்தது. அடுத்து வந்த மேம்பாட்டில் மறுநிரலாக்கத்தக்க எஃப்.பி.ஜி.ஏ. பலகைகளும் ஜி.பி.யு. என்னும் வரைகலைச் செயலிகளும் இணைந்து பட்டையை 400 மெகாஹெர்ட்ஸாக விரித்தன. 30 தட்டுகள், தட்டுக்கு இரண்டு முனைவாக்கங்கள், ஒவ்வொன்றிலும் விநாடிக்கு 80 கோடி மாதிரிகள்: மொத்தம் விநாடிக்கு 4,800 கோடி மாதிரிகளைக் கருவி உடனுக்குடன் செரிக்க வேண்டும்.

இதன் மதிப்பை எளிய கணக்கு உணர்த்தும். தொடர்நிறமாலை உணர்திறன், பட்டை அகலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 400-ஐ 32-ஆல் வகுத்தால் 12.5, அதன் வர்க்கமூலம் சுமார் 3.5. இதே பலனைப் பரப்பளவால் பெற வேண்டுமானால் 30 தட்டுகளின் இடத்தில் ஏறத்தாழ 106 தட்டுகள் வேண்டும். கொள்கை அளவில், மேம்பாட்டுக்கு உரிய சுற்றுகள் 76 புதிய தட்டுகளின் வேலையைச் செய்கின்றன. முன்நிலைப் பெருக்கியின் இரைச்சலைக் குறைத்தும் இதைப் பெறலாமே என்று கேட்கலாம். 150 மெகாஹெர்ட்ஸில் நம் பால்வீதியின் ஒளிர்வே சுமார் 300 கெல்வின். பெருக்கியை எவ்வளவு குளிர்வித்தாலும் இது குறையாது. தாழ் அதிர்வெண்ணில் எஞ்சியிருக்கும் வழி பட்டையை விரிப்பதே.

பட்டை விரிவு உணர்திறனோடு நிற்பதில்லை. தட்டுகளுக்கிடையே உள்ள தொலைவு அலைநீளங்களில் அளக்கப்படுவதால், 250 முதல் 500 மெகாஹெர்ட்ஸ் வரை ஒருங்கே பார்க்கும்போது ஒவ்வோர் இணையும் இரட்டிப்பு நெடுக்கத்துக்குக் கூறுகளை நிரப்புகிறது. ஆனால் மூலத்தின் ஒளிர்வும் அதிர்வெண்ணோடு மாறும். அந்த மாற்றத்தையும் படிமத்தோடு சேர்த்தே தீர்க்கும் முறையை ஊர்வசி ராவும் டிம் கார்ன்வெல்லும் 2011-இல் வெளியிட்டனர். வன்பொருள் ஒரு வாயிலைத் திறந்தால், கணிதம் அதைக் கடக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பழைய தரவு, புதிய வானம்

மேற்சொன்ன சான்றுகளில் பெரும்பாலானவற்றில் ஏதோ ஒரு சுற்று மாறியது. எதுவுமே மாறாமல், பதிவான தரவும் அதுவேயாக இருக்க, படிமம் மட்டும் மாறிய நிகழ்வு வாதத்துக்கு இன்னும் வலு சேர்க்கிறது. 2010 முதல் 2012 வரை ஜி.எம்.ஆர்.டி. 150 மெகாஹெர்ட்ஸில் வானத்தின் பெரும்பகுதியை அளந்தது. இந்த அதிர்வெண்ணில் அயனி மண்டலம் ஒரு மூலத்தின் இடத்தை நிமிடத்துக்கு நிமிடம் நகர்த்திக் காட்டும். அந்த நகர்வு திசைக்குத் திசை வேறுபடும். பார்வைக் களம் முழுவதற்கும் ஒரே திருத்தம் செய்யும் வழக்கமான முறை அங்கே போதவில்லை. திசைவாரியாக அயனி மண்டலத்தை மாதிரியாக்கித் திருத்தும் முறையை உருவாக்கிய ஹூயிப் இன்டெமாவும் கூட்டாளிகளும், ஆவணக் காப்பகத்தில் இருந்த அதே தரவை மறுபடியும் செயலாக்கி 2017-இல் வெளியிட்டனர். சுமார் 36,900 சதுரப் பாகை வானம், 25 வில்நொடிப் பகுதிறன், ஏறத்தாழ 6.2 லட்சம் மூலங்கள். இதற்காக எந்தத் தட்டும் மறுபடி திரும்பவில்லை.

மறுப்புகள்

இவ்வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, பகுதிறன். 25 கிலோமீட்டர் விரிவுள்ள தொகுதி 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் சுமார் 2 வில்நொடிக்கு மேல் நுணுக்கம் காட்டாது. இது சரியே, தொலைவுக்கு ஈடாகும் மின்னணுச் சுற்று இல்லை. இங்கு நான் சொல்வது பரப்பும் தொலைவும் வேண்டாம் என்பதன்று, அவை மட்டுமே அளவுகோலாகா என்பதே.

இரண்டாவது, நிறமாலைக் கோடுகள். நடுநிலை ஹைட்ரஜனின் கோடு குறுகியது. பட்டையை 400 மெகாஹெர்ட்ஸாக விரித்தாலும் ஒரு கோட்டின் உணர்திறன் உயராது. ஆனால் விரிந்த பட்டைக்குள் வெவ்வேறு தொலைவிலுள்ள ஆயிரக்கணக்கான விண்மீன் மண்டலங்களின் கோடுகள் ஒருங்கே விழுகின்றன. 2020-இல் புணேயிலும் பெங்களூருவிலும் உள்ள ஆய்வாளர்கள் 7,653 மண்டலங்களின் சமிக்ஞைகளை அடுக்கிக் கூட்டி, சுமார் 800 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மண்டலங்களின் சராசரி ஹைட்ரஜன் நிறையை அளந்தனர். தனித்தனியே ஒன்றைக்கூடக் காண இயலாத இடத்தில் பட்டை அகலம் பயன் தந்தது.

மூன்றாவதே வலுவான மறுப்பு. 322 முதல் 328.6 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் உள்ளவை போன்ற சில துண்டுகளே ரேடியோ வானியலுக்கெனப் பன்னாட்டு அளவில் ஒதுக்கப்பட்டவை. 400 மெகாஹெர்ட்ஸ் பட்டை இவற்றுக்கு வெளியேதான் பெரிதும் கிடக்கிறது. அங்கே சட்டக் காப்பு இல்லை. மாதிரிகளின் இடைநிலை அளவிலிருந்து பெரிதும் விலகுவனவற்றை உடனுக்குடன் நீக்கும் வடிகட்டிகள் ஜி.எம்.ஆர்.டி.யில் சேர்க்கப்பட்டுள்ளன. ஆனாலும் மாசுபட்ட துண்டை நீக்குவது பட்டையை இழப்பதே. மேலே கணக்கிட்ட 76 தட்டுகளில் ஒரு பங்கைச் சுற்றுப்புறத்தின் ஓசை தின்றுவிடுகிறது. எனவே அமைதியான சூழலும் மின்னணுக் கட்டமைப்பின் ஓர் உறுப்பு என்றே கொள்ள வேண்டும்.

முடிவுரை

ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில் எழும் சதுர கிலோமீட்டர் வரிசையின் (எஸ்.கே.ஏ.) தாழ் அதிர்வெண் தொலைநோக்கி, 512 நிலையங்களில் 1,31,072 அலைவாங்கிகளைக் கொள்ளும்படி திட்டமிடப்பட்டது. அதில் அசையும் பாகம் எதுவுமில்லை. எத்திசை நோக்குவது என்பதே ஒரு கணக்கீடு. உதகைச் சரிவில் பாதி இயந்திரமாகவும் பாதி மின்னணுவாகவும் தொடங்கிய போக்கு அங்கே முழுமை பெறுகிறது. ஆனால் அத்தகைய கருவியின் மூலத்தரவு முழுவதையும் சேமிப்பது இயலாது. செயலாக்கிய படிமங்களை வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பெரிதும் கைவிட வேண்டியிருக்கும். படிமம் கணக்கீட்டில்தான் பிறக்கிறது என்றால், இன்றைய கணக்கீட்டோடு தரவை அழிப்பது நாளைய படிமங்களை அழிப்பதாகும்.

ஆகவே, ரேடியோ தொலைநோக்கித் திட்டங்களின் நிதி ஒதுக்கீட்டில் மூன்று இனங்கள் இணைப்பாக இல்லாமல் கருவியின் பகுதியாகவே இடம்பெற வேண்டும்: பத்தாண்டுக்கு ஒருமுறை சமிக்ஞை வாங்கும் சுற்றுகளையும் கோரிலேட்டரையும் புதுப்பித்தல், கோரிலேட்டர் தரும் தரவை இயன்ற மட்டும் நீண்டகாலம் காத்தல், தொலைநோக்கியைச் சுற்றியுள்ள நிலத்தை மின்காந்த ஓசையிலிருந்து பாதுகாத்தல். எஃகுக்குச் செலவிடும் பணம் இவற்றோடு சேர்ந்தால்தான் முழுப்பயன் தரும்.